மூன்று நாள் கழித்து வரும் பதில்

மும்பைக்கு அருகே உல்லாஸ்நகர் வழியே ஓடும் வால்துனி ஆற்றிலிருந்து ஒரு குப்பி தண்ணீர் எடுத்து, அதில் அழுகக்கூடிய கழிவு எவ்வளவு இருக்கிறது என்று லேபில் கேட்டால், பதில் வர மூன்று நாள் ஆகும். பி.ஓ.டி. என்று பத்திரிகைகளில் அடிபடும் பரிசோதனை இதுதான். தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிரிகள் கழிவைத் தின்னும்போது எவ்வளவு ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன என்று பார்ப்பார்கள். குளிர்நாடுகளின் வழக்கப்படி 20 டிகிரியில் ஐந்து நாள்; நம்முடைய வெப்பத்துக்கு ஏற்ப இந்தியத் தர விதி 27 டிகிரியில் மூன்று நாள் என்று வைத்திருக்கிறது. அந்த மூன்று நாளும் குப்பி இருட்டில் காத்திருக்கும், ஆறு காத்திருக்காது. அம்பர்நாத்தில் 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள சிவன் கோயிலை ஒட்டி வரும் இந்தச் சிற்றாறு, உல்லாஸ்நகரைக் கடந்து, கல்யாண் அருகே உல்லாஸ் ஆற்றில் கலந்து கடல் நோக்கிப் போய்விடும்.

2014 நவம்பர் இறுதியில், டேங்கரில் கொண்டுவந்த ரசாயனக் கழிவை யாரோ சட்டவிரோதமாக வால்துனியில் கொட்டினார்கள். எழுந்த வாயு கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உல்லாஸ், வால்துனி ஆறுகளைக் கெடுத்ததற்காக இப்பகுதியின் நகராட்சிகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் சுமார் 95 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. தீர்ப்பு நியாயமானதுதான். ஆனால் தீர்ப்பும் அபராதமும் எப்போதும் கழிவு போன பிறகே வருகின்றன. கழிவு பிறக்கும் இடத்தில், ரியாக்டருக்குள்ளும் குழாய்க்குள்ளும் இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அறிவியல் ஒன்று இருக்கிறது. செய்முறைப் பகுப்பாய்வும் கட்டுப்பாடும் சேர்ந்த துறை அது. பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் ஒரே மேசையில் உட்காராமல் அது எங்கும் வளர்ந்ததில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நாட்டுப் பிரிவினையில் சிந்துவை விட்டு வந்தவர்களைக் குடியமர்த்திய கல்யாண் ராணுவ முகாம்தான் உல்லாஸ்நகர் ஆனது. 1949 ஆகஸ்ட் 8 அன்று அதற்கு அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. இன்றும் ஊர்க்காரர்கள் முகவரி சொல்வது கேம்ப் எண்ணை வைத்துத்தான். அடுத்த பத்தாண்டிலேயே ஊரின் ஓரத்தில், ஷஹாட் ஸ்டேஷன் பக்கம், செஞ்சுரி ரேயான் ஆலை வந்தது. 2018 முதல் அதன் இழைத் தொழிலை நடத்தும் பொறுப்பு கிராசிம் நிறுவனத்திடம் இருக்கிறது. சேலையிலும் எம்பிராய்டரியிலும் மின்னுகிற விஸ்கோஸ் ரேயான் நூல் அங்கே உருவாகிறது.

விஸ்கோஸ் செய்முறைக்கு 1892இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் மூவரும் காப்புரிமை பெற்றார்கள். அதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு ரசாயன ஆலையின் எல்லாத் தலைவலியும் அதில் இருக்கிறது. மரக்கூழ் அட்டைகளைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, துருவி, சில மணி நேரம் பழுக்கவிடுவார்கள். பிறகு கார்பன் டைசல்பைடு சேர்ப்பார்கள். வெள்ளைத் துருவல் ஆரஞ்சு நிறமாகும். நீர்த்த காஸ்டிக்கில் அதைக் கரைத்தால் தேன் மாதிரி ஒரு பாகு கிடைக்கும். அதுதான் விஸ்கோஸ். அதையும் மறுபடி பழுக்கவைத்து, வடிகட்டி, ஊசித்துளைகள் வழியே கந்தக அமிலமும் சோடியம் சல்பேட்டும் துத்தநாக சல்பேட்டும் கலந்த தொட்டிக்குள் பீய்ச்சினால் பாகு இழையாக உறையும்.

பாகு பழுத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? பழைய முறைக்கு ஹாட்டன்ராத் எண் என்று பெயர். 20 கிராம் விஸ்கோஸில் 30 மில்லி தண்ணீர் சேர்த்துக் கலக்கி, 10 சதவீத அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை மில்லியில் பாகு உறைகிறது என்று பார்ப்பது. பாகின் கெட்டித்தன்மைக்கு, ஓர் எஃகுக் குண்டு அதில் விழ எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். நூறாண்டு சோறு போட்ட முறைகள் இவை, பழிக்க எதுவும் இல்லை. சாம்பிள் எடுத்து, லேபுக்குக் கொண்டுபோய், எண் வந்து, ஆபரேட்டர் வால்வைத் திருப்புவதற்குள் பாகு வேறொன்றாக மாறியிருக்கும் என்பதே பிரச்சினை. பழுப்பது நிற்பதில்லை. கொஞ்சம் பிந்தினால் இழை அறுகிறது. அறுந்த இழை கழிவாகிறது. அதில் சேர்ந்திருந்த காஸ்டிக்கும் துத்தநாகமும் சாக்கடைக்கு வருகின்றன.

கார்பன் டைசல்பைடு இன்னொரு வகை ஆபத்து. அதன் ஆவி பற்றிக்கொள்ளத் தீப்பொறிகூட வேண்டாம். சுமார் 90 டிகிரி சூடுள்ள ஒரு நீராவிக் குழாயின் மேற்பரப்பே போதும். காற்றில் ஏறத்தாழ ஒரு சதவீதத்திலிருந்து ஐம்பது சதவீதம்வரை எந்த அளவில் கலந்தாலும் வெடிக்கும். அதை நீண்ட நாள் சுவாசித்தவர்களுக்கு நரம்பும் இதயமும் கெடுவதை மருத்துவ உலகம் எப்போதோ உறுதி செய்துவிட்டது. 2023 செப்டம்பர் 23 அன்று ஷஹாட் ஆலை வளாகத்தில் டேங்கர் ஒன்று வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. இப்படிப்பட்ட பொருளைக் கையாளும் இடத்தில் அளவீடு என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இனி கட்டுப்பாட்டுக்கு வருவோம். 1922இல் நிகோலஸ் மினோர்ஸ்கி, கப்பலில் சுக்கான் பிடிப்பவர்கள் எப்படித் திருத்துகிறார்கள் என்று கவனித்து ஒரு கணக்கு எழுதினார். இப்போது எவ்வளவு விலகியிருக்கிறோம், இதுவரை எவ்வளவு விலகல் சேர்ந்திருக்கிறது, எந்த வேகத்தில் விலகுகிறோம் என்ற மூன்றையும் வைத்துத் திருத்துவது. பி.ஐ.டி. என்று உலகம் முழுக்க ஓடுவது அதுவே. 1942இல் ஜீக்லர், நிக்கோல்ஸ் என்ற இரு பொறியாளர்கள் அதை ஆலையில் எப்படிச் சரிசெய்து வைப்பது என்று எளிய விதி தந்தார்கள். இன்று அம்பர்நாத் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையின் சிறிய பிளான்ட்டில்கூட வெப்பம், அழுத்தம், ஓட்டம், மட்டம் நான்கையும் பி.ஐ.டி. லூப் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் வாடிக்கையாளர் வாங்குவது வெப்பத்தையோ அழுத்தத்தையோ அல்ல. அவர் வாங்குவது கலவையை, தூய்மையை. அந்த எண் மட்டும் லேபிலிருந்து பிந்தி வருகிறது. பிந்தி வரும் தகவலை வைத்து வேகமாகத் திருத்தப் போனால் ஆலை ஊசலாடும். மெதுவாகத் திருத்தினால் கெட்ட சரக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு கெட்டிக்காரக் கணக்குப் போட்டாலும் தாமதத்தை வெல்ல முடியாது என்பது கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் உறுதியான முடிவு. ஆகவே தாமதத்தையே குறைக்க வேண்டும். லேபைக் குழாய்க்குள் கொண்டுபோக வேண்டும்.

அதற்கு வழி திறந்தது ஒளி. அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்ல் நாரிஸ், தானியத்தின் ஈரப்பதத்தை அண்மை அகச்சிவப்பு ஒளியால் நொடிகளில் அளந்து காட்டினார். அதுவரை அந்த ஒளிப்பட்டையை வேதியியலாளர்கள் பெரிதாக மதிக்கவில்லை. அதில் எல்லாப் பொருளின் தடமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடக்கும். அந்தக் குழப்பத்தைப் பிரித்தது கணிதம். ஸ்வீடனைச் சேர்ந்த ஹெர்மன் வோல்ட் பொருளாதாரத்துக்காக யோசித்த ஒரு புள்ளியியல் முறையை அவர் மகன் ஸ்வாந்தே வோல்ட் வேதியியலுக்குக் கொண்டுவந்தார். பல நூறு அலைநீளங்களைச் சேர்த்துப் பார்த்து, லேப் எண்ணோடு ஒப்பிட்டு, கணினிக்குப் பழக்குகிற முறை அது. விஸ்கோஸ் தொட்டியின் கரைசலில் அமிலமும் உப்பும் எவ்வளவு என்று இப்படிக் காணலாம். உப்பின் அயனிகள் அந்த ஒளியை நேரடியாக விழுங்குவதில்லை, சுற்றியுள்ள தண்ணீரின் ஒளித்தடத்தைச் சற்றே நகர்த்துகின்றன. அந்த நகர்வைப் பிடித்தால் போதும்.

இன்னொரு வழியைத் தந்தவர் திருச்சிக்காரர். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி.வி. ராமன் அறிவித்த ஒளிச்சிதறல் விளைவு, இன்று லேசரோடும் ஒளியிழையோடும் சேர்ந்து ரியாக்டரின் கண்ணாடி ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்க்கிறது. தண்ணீர் ராமன் சிதறலில் மங்கலாகத்தான் தெரியும் என்பதால், தண்ணீரில் கரைந்திருப்பவை பளிச்சென்று தெரியும். மருந்து ஆலைகளுக்கு இது பெரிய வரம். சாயத் தொழிலுக்கு அவ்வளவு எளிதல்ல. சாயப் பொருள்கள் தாமே ஒளிர்ந்து ராமன் குறியை மூழ்கடித்துவிடும். லேசரின் அலைநீளத்தை 785 அல்லது 1064 நானோமீட்டருக்குத் தள்ளினால் ஓரளவு தப்பலாம். எந்தச் சரக்குக்கு எது பொருந்தும் என்பதைக் கருவி விற்பவர் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது. கல்விக்கூடம் தேவைப்படும் முதல் இடம் இது.

அடுத்த இடம், பலர் கவனிக்காதது: சாம்பிள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை சீராகக் கொதித்திருந்தால்தான் அது சரி. அடியில் பிடித்து மேலே வேகாமல் கிடந்தால் எந்தச் சோற்றை எடுத்தாலும் அது பொய் சொல்லும். ஐயாயிரம் லிட்டர் ரியாக்டரில் கலக்கி சரியாகச் சுற்றாத மூலையில் சென்சரை வைத்தால், எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் அந்த மூலையைப் பற்றி மட்டுமே பேசும். எங்கே வைப்பது, எத்தனை இடத்தில் வைப்பது, கண்ணாடியில் படியும் அழுக்கை எப்படித் துடைப்பது என்பதெல்லாம் ஆராய்ச்சிக் கேள்விகள்தாம். அவற்றுக்கு விடை பல்கலைக்கழக லேபில் மட்டும் கிடைக்காது, ஆலையில் மட்டும் நேரமும் கிடைக்காது.

இந்தப் பூட்டைத் திறக்க மேலைநாடுகள் கண்டுபிடித்த அமைப்பு எளிமையானது. 1984இல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கோவால்ஸ்கியும் ஜேம்ஸ் காலிஸும் செய்முறைப் பகுப்பாய்வு வேதியியலுக்கு ஒரு மையம் தொடங்கினார்கள். போட்டி நிறுவனங்கள்கூட ஆளுக்கொரு சந்தா கட்டி அதில் உறுப்பினர் ஆகலாம். எதை ஆராய்வது என்று கூடிப் பேசி முடிவு செய்வார்கள். பிரிட்டனில் கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இதே வகைக் கூட்டமைப்பு, பகுப்பாய்வையும் கட்டுப்பாட்டையும் ஒரே பெயரில் இணைத்து, 1990களிலிருந்து நடக்கிறது. சரக்கின் சூத்திரம் அவரவர் ரகசியம். கருவி எப்படி நம்பத்தக்கதாகிறது, கணக்கு எப்போது தவறுகிறது என்பவை எல்லோருக்கும் பொது. இந்தப் பிரிவினையை ஒப்புக்கொண்டதால்தான் போட்டியாளர்கள் ஒரே அறையில் உட்கார முடிந்தது. 2004 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, செய்முறை நடக்கும்போதே தரத்தை அளக்க மருந்து நிறுவனங்களை ஊக்குவித்து வழிகாட்டி வெளியிட்டபோது, இத்தகைய மையங்களில் பயின்றவர்கள் தயாராக இருந்தார்கள்.

சில சமயம் பாதை தலைகீழாகவும் இருந்தது. 1970களில் ஷெல் நிறுவனத்தின் கட்லரும் ராமேக்கரும், ஆலையின் எதிர்காலப் போக்கைக் கணினியில் முன்கூட்டிக் கணித்து வால்வுகளைத் திருப்பும் முறையைச் சுத்திகரிப்பு ஆலையில் ஓட்டிக் காட்டினார்கள். அது ஏன் நிலைகுலையாமல் ஓடுகிறது என்று பேராசிரியர்கள் நிறுவியது பின்னால்தான். கொடுப்பவர், வாங்குபவர் என்று நிரந்தரமாக யாரும் இல்லை.

நம் பக்கம் என்ன இருக்கிறது? மாட்டுங்கா என்றால் தமிழருக்கு ஆஸ்திக சமாஜமும் காபி மணமும் நினைவுக்கு வரும். அதே மாட்டுங்காவில்தான் இந்திய ரசாயனத் தொழிலின் தாய்வீடு இருக்கிறது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ரசாயனத் தொழில்நுட்பத் துறையாக 1933 அக்டோபர் 1 அன்று தொடங்கி, 1943இல் மாட்டுங்கா வளாகத்துக்கு வந்து, யு.டி.சி.டி. என்று மூன்று தலைமுறை அழைத்த இடம். இப்போது ஐ.சி.டி. 1938இல் அதன் முதல் இந்திய இயக்குநரானவர் சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன். சாய வேதியியலில் உலகம் ஏற்றுக்கொண்ட பெயர். பேக்கர்–வெங்கட்ராமன் வினை என்று மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பம்பாய் ஆலைகளின் சாய, ஜவுளிச் சிக்கல்களைத் தன் வகுப்பறையின் பாடமாக்கியவர் அவர். பின்னாளில் அங்கே எம்.எம். சர்மா போன்ற பேராசிரியர்கள் அந்த வழியைப் பொறியியலுக்கு விரித்தார்கள்.

பவாய் ஐ.ஐ.டி.யில் கண்ணன் மௌத்கல்யா குழு, ஒரு சிறு ஹீட்டரும் விசிறியும் வெப்ப சென்சரும் கொண்ட பலகையைச் செய்து, எந்த ஊர் மாணவரும் இணையம் வழியே அதை இயக்கிக் கட்டுப்பாட்டைக் கற்கும்படி வைத்தது. விலை குறைந்த பொருளில் உண்மையான ஆலையின் தாமதமும் இரைச்சலும் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் சங்கர் நரசிம்மன், தரவு இசைவாக்கம் என்ற துறையில் 2000ஆம் ஆண்டில் கார்னீலியஸ் ஜோர்டாக்கேயுடன் எழுதிய நூல் உலகெங்கும் பயன்படுகிறது. உள்ளே போனது நூறு என்று ஒரு மீட்டரும், வெளியே வந்தது தொண்ணூற்றேழு என்று இன்னொன்றும் சொன்னால், கசிவா, மீட்டர் பொய்யா? பொருள் அழியாது என்ற விதியை எல்லா மீட்டர்களின் மேலும் ஒரே சமயத்தில் போட்டு, எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கும் கணக்கு அது. கார்பன் டைசல்பைடு ஓடும் ஆலையில் இந்தக் கேள்விக்கு நேரத்தில் விடை தெரிவதன் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அறிவுக்குப் பஞ்சம் இல்லை. அது போய்ச் சேரும் இடத்தில்தான் குறை. செம்பூரை அடுத்த மாஹுலில் 1950களின் நடுவில் வந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், டிராம்பேயின் ஆர்.சி.எஃப். உர ஆலையும் பெரிய நிறுவனங்கள். மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வேலை தந்தவை. அவற்றால் கருவியை வாங்கவும் ஆள் வைக்கவும் முடியும். டோம்பிவிலியிலும் அம்பர்நாத்திலும் இரண்டு மூன்று ரியாக்டர் வைத்து, இந்த மாதம் ஒரு சரக்கு, அடுத்த மாதம் வேறு சரக்கு என்று ஓட்டும் தொழில்முனைவோருக்கு அது எட்டாது. ஆபத்து அதிகம் இருப்பதோ அங்கேதான். 2024 மே 23 அன்று டோம்பிவிலி எம்.ஐ.டி.சி.யில் ஒரு ரசாயன ஆலையில் நடந்த வெடிப்பில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுற்று வட்டாரத்தில் வீட்டுக் கண்ணாடிகள் நொறுங்கின.

அந்த விபத்தின் காரணத்தை நான் இங்கே அலசவில்லை. பொதுவாக பேட்ச் ரியாக்டர்கள் கைமீறுவது எப்படி என்பதை மட்டும் சொல்ல வேண்டும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். குளிர்நீரின் சக்தியோ நேர்கோட்டில்தான் ஏறும். ஒரு லிட்டர் குடுவையில் சமர்த்தாக நடந்த வினை, ஐயாயிரம் லிட்டரில் முரண்டு பிடிக்கும்; கொள்ளளவு பெருகிய அளவுக்குக் குளிரும் பரப்பு பெருகாது. மிகக் கொடியது இது: கலக்கி நின்றுபோயிருக்கும், ஊற்றிய பொருள் வினைபுரியாமல் மேலே தேங்கும், வெப்பமானி ஒழுங்கான எண்ணைக் காட்டும். யாராவது கலக்கியை மறுபடி போட்டதும் தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வினைபுரியும். வெப்பமானிக்குத் தெரியாத அந்தத் தேக்கம், ரியாக்டருக்குள் பார்க்கும் ஒளிக்கருவிக்குத் தெரியும்.

இத்தகைய கருவிகளின் செலவைச் சிறிய ஆலைகள் பங்குபோட முடியாது என்று சொல்பவர்கள் திருப்பூரைப் பார்க்க வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, நொய்யல் ஆற்றைக் காக்க, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பட்டறைகள் சேர்ந்து நடத்துகின்றன. பாரம் அதிகம், குறைகளும் உண்டு. ஆனால் சேர்ந்து நடத்த முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

கருவி மாட்டும் கட்டாயமும் புதிதல்ல. 2014 பிப்ரவரியிலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் கழிவை ஓயாமல் அளந்து நேரடியாக அனுப்ப வேண்டும் என்றது. புற ஊதா ஒளியால் கழிவைக் கணிக்கும் சென்சர், நிமிடத்தில் எண் தரும். ஆனால் அது உண்மையில் பி.ஓ.டி.யை அளப்பதில்லை, ஒளி உறிஞ்சலை வைத்து ஊகிக்கிறது. சரக்கு மாறினால் ஊகம் மாற வேண்டும். கண்ணாடியில் பாசி படிந்தால் எண்ணே பொய். காலிபரேஷன் செய்ய ஆள் இல்லாத சென்சர், ஆற்றுக்கும் உதவாது, ஆலைக்கும் உதவாது. இந்தப் பராமரிப்பைத்தான் ஆலை தனியாகச் செய்ய முடியவில்லை, பல்கலைக்கழகம் கட்டுரை எழுதியதோடு விட்டுவிடுகிறது. நம் நாட்டில் ஒரு பேராசிரியர், ஒரு நிறுவனம், ஓர் ஆலோசனை ஒப்பந்தம் என்பதே பெருவழக்கு. நல்ல வேலை நடந்தாலும் அது ஒரு கோப்புக்குள் முடிந்துபோகிறது. பக்கத்து ஆலைக்குப் போய்ச் சேர்வதில்லை.

காமா என்ற கல்யாண்–அம்பர்நாத் உற்பத்தியாளர் சங்கம் இருக்கிறது. மாட்டுங்காவில் ஐ.சி.டி.யும் வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. மத்திய ரயில்வேயின் ஒரே பாதையில், லோக்கலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரம். ஆலைகள் சந்தா கட்டும் ஒரு கூட்டு மையம் உல்லாஸ்நகர் பக்கமே வேண்டும்: நடமாடும் ஒளிக்கருவிகள் நான்கு, அவற்றைக் காலிபரேட் செய்யத் தெரிந்த இளைஞர்கள் பத்துப் பேர், சரக்கின் ரகசியத்தைக் காக்கும் ஓர் ஒப்பந்தம். தொடங்க இவ்வளவு போதும். இன்ஸ்ட்ருமென்டேஷனும் ரசாயனப் பொறியியலும் படிக்கும் நம் பிள்ளைகள் தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது, ஏற்கெனவே ஆயிரம் பேர் செய்ததை மறுபடி செய்யாமல், உல்லாஸ்நகருக்கு ரயிலேறி ஓர் ஆலையின் ஷிப்ட் ஆபரேட்டரிடம் எந்த எண் உங்களுக்குப் பிந்தி வருகிறது என்று கேளுங்கள். அந்த எண்ணை முன்கூட்டித் தருவதையே உங்கள் ப்ராஜெக்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.